கண்டிக் குன்றுகளில் கறிமிளகாய்

மிளகாயின் வரலாற்றைப் பேச முற்படுவோர் பெரும்பாலும் அதன் உறைப்பையே பேசுகின்றனர். யாழ்ப்பாணத்துச் செத்தல், ஆந்திர நாட்டுக் குண்டூர் மிளகாய், நம்மவர் கொல்லைகளில் முளைக்கும் கொச்சி மிளகாய் என்று பெயரெடுத்தவை யாவும் நாவை எரித்துப் பெயரெடுத்தவையே. உறைப்புக் குறைந்த மிளகாய்க்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பவர் அரியர். ஆயினும், கண்டி மாநகரின் மத்திய சந்தைக்குள் நுழையும் எவருடைய கண்ணிலும் ஒரு காய் தப்பாமற் படும். இளம் பச்சையும் வெளிர் மஞ்சளும் கலந்த நிறம். விரலினும் நீண்ட உருவம். மெழுகு பூசினாற் போன்ற மினுமினுப்பு. அதனைத் தமிழர் கறிமிளகாய் என்பர். சிங்களர் மாளு மிரிஸ் என்பர். சென்னைக் கடற்கரையில் மாவிலே தோய்த்துப் பொரித்து விற்கும் பஜ்ஜி மிளகாயும் இதன் நெருங்கிய உறவே. நேயர்களே, இன்றைய பேச்சின் பொருள் இந்தச் சாதுவான காய்தான்.

சாதுவான காய் என்றேன். அதன் சாதுத்தன்மை தானாக வந்ததன்று என்பதையும், பேணுவார் இல்லையேல் நிலைப்பதும் அன்று என்பதையும் எடுத்துக் காட்டுவதே என் நோக்கம். உறைப்பு மிளகாயைக் குருவியும் விதைக்கும். உறைப்பில்லாத மிளகாயை மனிதனே விதைக்க வேண்டும்.

மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று என்று சொன்னால் இன்றும் வியப்போர் உளர். மெக்சிக்கோ நாட்டிலும் தென் அமெரிக்காவிலும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழங்குடி மக்கள் பயிரிட்டு வந்த செடி இது. 1492ஆம் ஆண்டிற் கொலம்பசு மேற்குக் கடலைக் கடந்து சென்ற பின்னரே அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் இதனைக் கண்டனர். அவர் தேடிச் சென்றது மிளகு; கண்டது மிளகாய். பின்னர்ப் போர்த்துக்கேயரின் கப்பல்கள் இதனை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொணர்ந்தன. அவர்கள் இலங்கைக் கரையில் முதன்முதல் அடிவைத்தது 1505ஆம் ஆண்டில். 1753ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயசு இச்செடிக்குப் பெயரிட்டபோது, ஓராண்டு மட்டும் வாழ்வது என்னும் பொருள்படும் 'அன்னுவம்' என்ற அடைமொழியைச் சேர்த்தார். பனி கொட்டும் நாட்டில் இருந்து பார்த்தவருக்கு அது பொருத்தமாகவே தோன்றியிருக்கும். நம் வீட்டுக் கிணற்றடியில் ஒரே மிளகாய்ச் செடி மூன்று ஆண்டு நின்று காய்ப்பதை அவர் கண்டாரில்லை.

எழுத்திலே பதியாத வரலாற்றைச் சொற்கள் சில வேளை பதிந்து வைத்திருக்கும். மிளகாய் என்பது மிளகும் காயும் சேர்ந்த சொல். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதற்கு மேல் அதிற் புதிர் ஒன்றுமில்லை. மலையாளத்திற் கப்பல் மிளகு என்ற வழக்கு உண்டு. மலையாளக் கரையில் ஒல்லாந்தக் கம்பனியின் தலைவராயிருந்த வான் ரீடே என்பவர் தொகுத்து, 1678 முதல் 1693 வரை அம்ஸ்ரடாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த மலையாளத் தாவரப் பெருநூலிலே 'கப்போ மொளகோ' என்ற தலைப்பின் கீழ் மிளகாய்ச் செடியின் படம் இருக்கின்றது. கப்பலில் வந்தது என்பதை அக்காலத்து மக்கள் மறக்கவில்லை.

சிங்களச் சொல்லின் கதை இதனினும் சுவையானது. மிளகைக் குறிக்கும் வடமொழிச் சொல் மரிச என்பது. அதன் வழிவந்த மிரிஸ் என்ற சிங்களச் சொல் ஆதியில் மிளகையே குறித்தது. மிளகாய் வந்து பரவியதும் மிரிஸ் என்ற பெயரை அது தனதாக்கிக் கொண்டது. நாட்டிற்கே உரிய மிளகு, 'ஊர் மிரிஸ்' என்னும் பொருளில் கம்மிரிஸ் ஆயிற்று. விருந்தாளி வீட்டுக்காரனாகி விட, வீட்டுக்காரன் தனக்கோர் அடைமொழி தேடிக்கொள்ள நேர்ந்தது எனலாம். ஆங்கிலத்தில் இக்குழப்பம் தீரவே இல்லை. திப்பிலியைக் குறிக்கும் பிப்பலி என்ற நம் நாட்டுச் சொல்லிலிருந்து பிறந்த 'பெப்பர்' என்ற ஒரே சொல், இன்றுவரை மிளகையும் மிளகாயையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கின்றது.

இனி, கொச்சி என்ற சொல். மட்டக்களப்புப் பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் மிளகாயையே கொச்சிக்காய் என்பர். கண்டியிலும் மலைநாட்டிலும் அது சுண்டு விரல் நுனியளவான, வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும் மிக உறைப்பான காய்க்கு மட்டும் உரிய பெயர். கொச்சித் துறைமுகத்தின் பெயரே காயின் பெயராயிற்று என்பர். ஆகவே, மிரிஸ் என்பதிற் பழைய மிளகின் நினைவும், கொச்சி என்பதிற் கடல்வழி வணிகத்தின் நினைவும் இருக்கக் காண்கிறோம். மூன்றாவது பெயர் மாளு மிரிஸ். மாளு என்ற சிங்களச் சொல் மீனுக்கும் வழங்கும், கறிக்கும் வழங்கும். தமிழிற் கறிமிளகாய் என்கிறோம். இப்பெயரில் ஊரும் இல்லை, துறைமுகமும் இல்லை. சட்டியும் அடுப்புமே உள்ளன. கறிக்குச் சுவையூட்டச் சேர்ப்பது என்ற நிலை மாறி, தானே கறியாக நின்ற மிளகாய் என்பதை இரு மொழியினரும் ஒருவாறே உணர்ந்து பெயரிட்டிருக்கின்றனர்.

கண்டி இராச்சியத்துக்கு வருவோம். போர்த்துக்கேயரும் அவர்க்குப் பின் ஒல்லாந்தரும் கரையோரத்தை ஆண்ட காலத்திலும், மலைகள் அரண் செய்த இவ்விராச்சியம் 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் வரை தன்னாட்சி பூண்டிருந்தது. 1638ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள், பேராதனைக்கு அருகே மகாவலி கங்கையோரத்துக் கன்னொறுவையில், இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்தது. அவ்வாண்டிலேயே மன்னன் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். அவர்கள் தரும் படையுதவிக்கு ஈடாகக் கறுவாவும் மிளகும் போன்ற பொருள்களைக் கொடுப்பதென்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. மிளகு அக்காலத்திற் பணம்; அரசருக்கும் கம்பனிக்கும் இடையே நின்ற பண்டம். மிளகாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. அதனை எந்த உடன்படிக்கையும் குறிப்பிடவில்லை. எந்தக் கப்பலும் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஏழைக் குடியானவன் குடிசையோரத்தில் நட்டு, சில மாதங்களிற் பறித்து உண்ணலாம். மிளகைக் காய்ப்பதற்குக் கொடி படர மரம் வேண்டும். சில ஆண்டுப் பொறுமையும் வேண்டும். கண்டி மக்களின் அன்றாட உணவில் மிளகாய் மிளகை வென்றதற்கு இவ்வெளிமையே முதற் காரணம் என்பது என் துணிபு.

வெளியுலகினின்றும் துண்டிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மலைநாட்டுக்குள் இச்செடி எவ்வாறு புகுந்தது என்று கேட்கலாம். கண்டி அவ்வளவு துண்டிக்கப்பட்டிருக்கவில்லை. உப்பும் கருவாடும் ஏற்றிக் கரையிலிருந்து மலையேறி, பாக்கு ஏற்றிக் கீழிறங்கும் பொதிமாட்டு வரிசைகள் இடையறாது நடந்தன. தவளம் என்று அவற்றைச் சொல்வர். முஸ்லிம் வணிகர் பலர் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர். போரிற் சிறைப்பட்ட ஐரோப்பியரும், அடைக்கலம் புகுந்த கத்தோலிக்கரும் மலைநாட்டு ஊர்களிற் குடியமர்ந்தனர். ஒரு சுருக்குப் பையில் அடங்கும் விதைக்கு இத்தனை வழிகள் வேண்டியதே இல்லை.

அச்சிறைவாசிகளுள் எழுதத் தெரிந்த ஒருவர் நமக்குக் கிடைத்தது நற்பேறு. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி 1660ஆம் ஆண்டிற் பிடிபட்டு, 1679இல் தப்பி ஓடும் வரை கண்டி நாட்டில் வாழ்ந்தார். அவற்றுட் பல ஆண்டுகளைக் கழித்தது கண்டிக்குத் தெற்கேயுள்ள எலதெத்த என்ற சிற்றூரில். 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த தமது நூலில், சோறே அம்மக்களின் வயிற்றை நிரப்புவதென்றும், ஏனையவை அதற்குச் சுவை சேர்ப்பவையே என்றும், சில பச்சிலைகளும் எலுமிச்சஞ்சாறும் உப்பும் 'பெப்பரும்' இருந்தால் ஏழைக் குடும்பம் நிறைவாக உண்ணும் என்றும் அவர் குறித்துள்ளார். முன்னர்ச் சொன்ன அந்த இரட்டைச் சொல் இங்கே நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. எனினும், அவர் தீட்டிய உணவுத் தட்டிலே உறைப்புக்குரிய இடம் எது என்பது தெளிவு. சோற்றுக்குத் துணையாக ஒரு சிட்டிகை, அவ்வளவே. பாற்சோற்றுக்குப் பக்கத்தில் இன்று வைக்கும் லுணு மிரிஸ் என்னும் உப்பும் மிளகாயும் சேர்ந்த துவையல் அந்த இடத்தையே வகிக்கின்றது. கறிமிளகாய் வகிக்கும் இடம் வேறு. அது சிட்டிகையன்று, அகப்பைக் கணக்கு.

கொச்சி கண்டித் தோட்டங்களில் எளிதாக நிலைபெற்றதற்கு மனிதரை விடப் பறவைகளுக்கே நன்றி கூற வேண்டும். பலா, கமுகு, சாதிக்காய், கராம்பு, மிளகுக் கொடி சுற்றிய மரம் என்று அடுக்கடுக்காக நிழல் பரப்பி நிற்பன கண்டி வட்டார வீட்டுத் தோட்டங்கள். அவற்றின் வேலியோரத்தில் யாரும் நடாமலே கொச்சிச் செடி முளைத்து நிற்கும். மிளகாயை எரியச் செய்யும் சத்து பாலூட்டிகளின் வாயையே சுடுகின்றது. பறவைகளுக்கு அது உறைப்பதில்லை. பறவை பழத்தை விழுங்கி, விதையைச் சிதைக்காது வேறிடத்தில் இட்டுச் செல்லும். அணிலும் எலியும் உறைப்புக்கு அஞ்சி ஒதுங்கும். காட்டு மிளகாய்க்கு உறைப்பு ஓர் அரண். சிறு உருவமும் சிவப்பு நிறமும் பறவைக்கு விடுத்த அழைப்பு. அந்த அரணைக் களைந்துவிட்டு, பறவையால் விழுங்க இயலாத பெருங்காயை உண்டாக்கியவன் மனிதன். ஆதலாற் கறிமிளகாய் எந்த வேலியோரத்திலும் தானாக முளைத்துப் பரவுவதில்லை.

மலைநாட்டின் வானமும் இதிற் பங்கு கொண்டது. செத்தலுக்குக் காய் செடியிலேயே பழுக்க வேண்டும். பறித்த பின் பல நாள் கடும் வெயிலிற் காய வேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும், வவுனியா, அனுராதபுரப் பகுதிகளின் நீண்ட வறண்ட காலமும் அதற்கு வாய்ப்பானவை. கடல் மட்டத்தினின்று ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், இரு பருவ மழையும் நனைக்கும் கண்டியில் முற்றத்திற் பரப்பிய மிளகாயை மழைக்குப் பயந்து அள்ளிக்கொண்டு ஓடுவதே ஒரு வேலையாகிவிடும். எனவே இங்கு மிளகாயைப் பச்சையாகவே பறித்து, பச்சையாகவே சமைத்தனர். நீர்முடையில் வளரும் செடியின் காய் கூடுதலாக உறைக்கும் என்பதும், ஈரப்பதனுள்ள நிலத்தில் உறைப்புத் தணிந்து சதை கூடும் என்பதும் பயிரிடுவோர் பட்டறிந்தவை. உறைப்பு வறண்ட நாட்டுக்கும் சதைப்பற்று மலைநாட்டுக்கும் என்று பாகப்பிரிவினை செய்தது போலாயிற்று.

உறைப்பு காயின் எப்பகுதியில் இருக்கின்றது என்பதை இல்லத்தரசிகள் அறிந்திருத்தல் நன்று. விதையில் இருப்பதாகவே பலரும் நம்புகின்றனர். உண்மையில் அது விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சதையிலும், காயின் உட்புறத்தே நெடுக ஓடும் வெண்ணரம்புகளிலும் சுரக்கின்றது. அச்சதையைத் தொட்டுக்கொண்டிருப்பதாலேயே விதையும் உறைக்கின்றது. அமெரிக்க மருந்தியலறிஞர் வில்பர் ஸ்கோவில் 1912ஆம் ஆண்டில் வகுத்த அளவையின்படி, குடைமிளகாய்க்கு உறைப்பு சூனியம். கறிமிளகாய் வகைகள் சில நூறு முதற் சில ஆயிரம் வரை நிற்பன. கொச்சியோ ஐம்பதினாயிரத்தைத் தாண்டும்.

கண்டிச் சமையலறையில் கறிமிளகாயை நெடுக்காக ஒரு கீறு கீறி, அந்த வெண்சதையை விதையோடு சேர்த்து வழித்து எடுக்கின்றனர். மாசிக் கருவாட்டுத் தூளும், பொடியாக அரிந்த வெங்காயமும், அவித்து மசித்த உருளைக்கிழங்கும் சேர்த்துப் பிசைந்து உள்ளே திணிக்கின்றனர். மீன் அவித்து உதிர்த்துச் சேர்ப்பாரும் உளர். மரக்கறி உண்போர் தேங்காய்ப்பூவும் பருப்பும் வைப்பர். எண்ணெயில் இலேசாக வதக்கி, கறிவேப்பிலையும் இரம்பையும் கறுவாத் துண்டும் இட்ட தேங்காய்ப்பாலில் இறக்கிவிட்டால், பால் வற்றிக் காயைத் தழுவி நிற்கும் அக்கறிக்கு வேறு துணை வேண்டுவதில்லை. தேங்காய்ப்பால் சேர்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மிளகாயின் உறைப்புச் சத்து நீரிற் கரைவதில்லை, கொழுப்பிற் கரையும். ஒன்றிரண்டு காய் எதிர்பாராது உறைத்தாலும் பால் அதனைத் தன்னுள் வாங்கிப் பரவலாக்கி விடும். வாய் எரியும்போது தண்ணீர் குடித்துப் பயன் காணாதவர்கள் ஒரு வாய்த் தயிர் உண்டு பார்க்கட்டும்.

ஐரோப்பாவிலும் மிளகாயின் உறைப்பைத் தணிக்க நெடுங்காலம் முயன்ற நாடு ஒன்று உண்டு. ஹங்கேரியின் தலைநகர் புடா 1541 முதல் 1686 வரை துருக்கியர் வசம் இருந்தது. அவர்கள் வழியாகவே மிளகாய் அங்குப் பரவிற்று என்பர். சேகெட், கலோசா என்னும் இரு வட்டாரங்களிலே அது பெரும் பயிராயிற்று. தொடக்கத்தில் அவர்களும் நம் கண்டிப் பெண்களைப் போலவே வெண்சதையைக் கையால் அகற்றிவிட்டே தூள் இடித்தனர். இருபதாம் நூற்றாண்டில், அகற்ற வேண்டிய தேவையே இல்லாத இனிப்பு வகைகளைத் தேர்ந்து பெருக்கினர். சேகெட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பேட் சென்ற் ஜோர்ஜி என்ற அறிஞர், உயிர்ச்சத்து 'சி'யைப் பெருமளவிற் பிரித்தெடுக்கப் பொருத்தமான மூலப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் இரவு உணவுக்கு மனைவி வைத்த மிளகாயை உண்ண விருப்பமின்றி ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றதாக அவரே பின்னாளிற் கூறியுள்ளார். நிறைக்கு நிறை தோடம்பழத்தினும் கூடுதலான உயிர்ச்சத்து அக்காயில் இருந்தது. 1937ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. மனைவியின் சமையலை மறுத்துப் பரிசு பெற்றவர் வேறெவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஹங்கேரியின் பெயரையே தாங்கிய மஞ்சள் மெழுகு வகைதான் நம் கறிமிளகாய்ப் பயிர்ச்செய்கையிற் பெரும் பெயர் பெற்றது. அதனை வளர்த்த களமும் கண்டிப் புறநகரே. கண்டி அரசரின் தோட்டமாயிருந்த பேராதனை நிலத்தில் ஆங்கிலேயர் 1821ஆம் ஆண்டிலே தாவரவியற் பூங்காவை அமைத்தனர். அதன் முதல் மேற்பார்வையாளரான அலெக்சாந்தர் மூன், 1824இல் இலங்கையில் வளரும் உள்நாட்டு, வெளிநாட்டுத் தாவரங்களின் பட்டியலைச் சிங்களப் பெயர்களோடு வெளியிட்டார். உண்ணத்தக்க காய்கறிகளைத் தனியே சுட்டிக் காட்டிய பட்டியல் அது. ஆயினும் அந்நூற்றாண்டு முழுவதும் பூங்காவின் கவனம் கோப்பியிலும் கொயினாவிலும் தேயிலையிலும் இறப்பரிலுமே இருந்தது. 1869இல் கோப்பி இலைகளைத் தாக்கிய துருநோய் அத்தொழிலையே அழித்தபோது பேராதனை அறிஞர்கள் கண்ணுறக்கமின்றி உழைத்தனர். குடியானவனின் சட்டியில் வேகும் காய்க்கு அப்போது எவர் உழைப்பார்? 1912ஆம் ஆண்டிலே விவசாயத் திணைக்களம் நிறுவப்பட்ட பின்னரே காய்கறிப் பயிருக்குத் தனி அக்கறை பிறந்தது.

இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை வென்ற அதே கன்னொறுவையில் இன்று தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. போர்த்துக்கேயர் கொணர்ந்த காய்க்கு அங்கே ஆராய்ச்சி நடக்கின்றது. படையைத் துரத்திய மண் காயை வைத்துக்கொண்டது. திணைக்களம் பரிந்துரைத்த கறிமிளகாய் வகைகளுள் ஹங்கேரி மஞ்சள் மெழுகு, சீ.ஏ. 8, லங்கா மஞ்சள் மெழுகு என்பன பயிரிடுவோர் நன்கறிந்த பெயர்கள். மரஸ்ஸன, ஹங்குராங்கெத்தை முதலிய மலைச்சரிவுகளின் மரக்கறிகள் கண்டிச் சந்தைக்கு வருகின்றன.

தேயிலைத் தோட்டங்களின் லயன் அறைகளில் வாழ்ந்த நம் மக்களின் கதை இதனோடு ஒட்டியும் ஒட்டாமலும் செல்கின்றது. தமிழ்நாட்டிலிருந்து அவர்கள் வந்தபோது அரிசியும் செத்தலும் அவர்களைத் தொடர்ந்து கப்பலேறி வந்தன. ரொட்டியும் சம்பலுமே பலருக்குக் காலை உணவு. சம்பலுக்குத் தேவை உறைப்பு. காயைக் கறியாக ஆக்குவதற்கு எண்ணெய் வேண்டும், தேங்காய் வேண்டும், நேரமும் வேண்டும். மலையேறிக் கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு இம்மூன்றும் எளிதிற் கிட்டவில்லை. ஏழையின் நாவுக்கு உறைப்பே பிடிக்கும் என்று சிலர் எண்ணுவதுண்டு. ஒரு சட்டிச் சோற்றை ஒரு கரண்டிச் சம்பலால் உண்ணச் செய்வது உறைப்பு என்பதையும் அவர்கள் சேர்த்து எண்ண வேண்டும். லயனுக்கு முன்னே உள்ள சிறு துண்டு நிலத்திற் கறிமிளகாய்ச் செடி நான்கு நின்றால், அவ்வீட்டில் மூச்சுவிடச் சிறிது வசதி உண்டாயிற்று என்று கொள்ளலாம்.

1970ஆம் ஆண்டுக்குப் பின்னர் அரசாங்கம் செத்தல் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து விவசாயி அக்காலத்திலே தலைநிமிர்ந்தான். 1977இற் பொருளாதாரம் திறந்து விடப்பட்டதும் அந்த வாழ்வு குலைந்தது. செத்தலின் பெரும் பகுதி இன்றும் இந்தியாவிலிருந்தே வருகின்றது. கறிமிளகாய்க்கு இந்த ஏற்றமும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. அது நெடுந்தூரம் பயணஞ் செய்யாத காய். பறித்த சில நாளில் விற்றாக வேண்டும். அதன் கேடு வேறு திசையிலிருந்து வந்தது. அது விதையின் கேடு.

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறக் கூடியது. ஆயினும் தேனீக்கள் பூவிற்குப் பூ தாவி மகரந்தத்தைக் கலக்கின்றன. முற்றாக உறைப்பற்ற குடைமிளகாய்க்கு அப்பண்பு ஒரே மரபணுவின் ஒடுங்கிய வடிவினால் அமைவது. பக்கத்துக் கொச்சியின் மகரந்தம் பட்டு உண்டான விதையை நட்டால் அடுத்த தலைமுறைக் காய் உறைக்கும். கறிமிளகாயின் இளம் உறைப்போ பல மரபணுக்கள் சேர்ந்து அளந்து வைத்தது. கலப்பு நேர்ந்தால் அந்த அளவு குலையும். இதிலே பலர் கொள்ளும் ஐயம் ஒன்றைத் தீர்த்து வைக்கலாம். கொச்சிக்குப் பக்கத்தில் நட்டதால் இவ்வாண்டுக் கறிமிளகாய் உறைத்துவிட்டது என்பது சரியன்று. காயின் சதையும் நரம்பும் தாய்ச்செடியின் பகுதி; மகரந்தம் அவற்றை மாற்றாது. கலப்பு விதைக்குள் ஒளிந்திருந்து அடுத்த ஆண்டே வெளிப்படும். ஒரு செடியில் இரண்டொரு காய் இவ்வாண்டே உறைத்தால், வெயிலையும் நீர்முடையையும் ஐயுறுக.

மலைநாட்டு ஈர மண்ணில் பற்றீரிய வாடல் நோய் மற்றொரு பகை. காலையில் நிமிர்ந்து நின்ற செடி மாலையில் தலை சாய்ந்துவிடும். கத்தரியும் தக்காளியும் உருளைக்கிழங்கும் மிளகாயின் குடும்பமே. ஒரே நிலத்தில் இவற்றை மாறி மாறி நட்டால் நோய்க்கு விருந்து வைத்தது போலாகும். இடையில் போஞ்சியோ சோளமோ இடுவது நன்று. நோய்க்கு அஞ்சியும் விளைச்சலை நாடியும் விவசாயிகள் கலப்பின விதைகளுக்கு மாறினர். கலப்பின விதையில் விளைந்த காயின் விதையை நட்டால் தாயின் குணம் அப்படியே வாராது. ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு மலைநாட்டு மரக்கறித் தோட்டங்கள் வாடின. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடி மூண்டபோது வெளிநாட்டு விதையின் விலையும் ஏறிற்று. வீட்டிற் பழைய விதை வைத்திருந்தவர் அவ்வாண்டு தப்பினர். வைத்திருந்தோர் பலர் அல்லர். கன்னொறுவையில் 1988ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பயிர் மரபுவள நிலையத்தின் குளிர் அறைகளிலே நாட்டின் பழைய மிளகாய் வகைகளின் விதைகள் பேணப்படுகின்றன. அது பெரும் பணி. ஆனால் குளிர் அறையிலுள்ள விதை உறங்கும் விதை. ஆண்டுதோறும் மண்ணில் விழுந்து, மாறும் மழைக்கும் புதிய நோய்க்கும் ஈடுகொடுத்துத் தேர்வது வீட்டுத் தோட்டத்து விதையே.

அவ்விதையைப் பேண விரும்பும் நேயர்களுக்கு முறை எளிது. பெரும்போகப் பயிரில் நோயின்றிச் செழித்த இரண்டு மூன்று செடிகளைக் குறித்துக்கொள்க. கொச்சியும் நாய் மிளகாயும் அவற்றுக்கு அண்மையில் இருத்தலாகாது. மொட்டு விரியுமுன்னே மெல்லிய துணிப்பையால் ஒரு கிளையை மூடிக் கட்டி, நாளுக்கொருமுறை இலேசாக அசைத்துவிட்டால் பூக்கள் தம் மகரந்தத்தாலேயே காய்க்கும். பிஞ்சு பிடித்ததும் துணியை அகற்றி, காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்தால் வீட்டார் மறந்து பறித்துக் கறிக்கு இடமாட்டார். காய் மஞ்சளினின்றும் செம்மஞ்சளாகி நன்கு சிவக்கும் வரை செடியிலேயே விட்டு, பறித்த பின் விதையைப் பிரித்து நிழலிற் பல நாள் உலர்த்துக. ஈரம் சற்றும் இல்லாத போத்தலில் அடுப்புச் சாம்பலோடு இட்டு, வகையின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டி, குளிர்ச்சியான இருண்ட மூலையில் வைத்துவிட்டால் சிறுபோகத்துக்கும் அடுத்த பெரும்போகத்துக்கும் உங்கள் வீட்டு விதையே போதும். அடுத்த வீட்டாருக்குக் கொடுக்கவும் ஒரு பிடி மிஞ்சும்.